வெயில் கொடுத்த சர்டிபிகேட்

முதலாளி தம் மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். எதிரே கைவைத்த நாற்காலியில் அவருடைய மைத்துனர், கால்மேல் கால் போட்டபடி. கதவோரம் கிடந்த முக்காலியில், மைத்துனர் டிரைவராக இருக்கும் லாரியின் இரண்டாவது டிரைவர். சுவரையொட்டி, கணினிக்கு முன்னால், கடிதம் அடிக்கும் அக்கா. டிரைவர்களின் தோலைப் பரிசோதிக்க வந்திருந்த டாக்டரம்மாவுக்கு மட்டும் நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. அவர் நின்றபடியே கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

மைத்துனரை லாரி ஷெட்டில் ‘சிங்கம்’ என்பார்கள். பட்டத்தை வைத்தது அவரேதான். இரண்டாவது டிரைவருக்குப் ‘பவுடர்’ என்று பட்டம். அதை வைத்ததும் சிங்கமேதான்.

இருவரும் பதினான்கு வருடமாக ஒரே வண்டியில் தொலைதூரம் போய்வருகிறவர்கள். ஒரு தொழிற்சாலை, புது டிரைவர்களைப் பழக்குவதற்கு அனுபவசாலி ஒருவரை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தது. பகல் வேலை, சாயங்காலமானால் வீடு. பவுடருக்கு ஒரு வயதில் மகள் இருந்தாள்; அப்பா தூக்கினால் யாரோ தூக்கியதாக நினைத்து வீறிட்டு அழுவாள். அதனால் அவர் வாய்விட்டுக் கேட்டார். அவர் கேட்டது தெரிந்ததும் சிங்கமும் கேட்டார்.

அக்கா மெதுவாக ஆரம்பித்தாள். “சார், ரெண்டு பேர்ல யாரு அதிகமா ஓட்டினாங்கன்னு ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு...”

“விசாரிக்க என்னம்மா இருக்கு? மூஞ்சியைப் பாரு!” முதலாளி எட்டி மைத்துனரின் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். இடது கன்னம் முழுக்கச் சுருக்கம். நெற்றிப்பொட்டு முதல் தாடைவரை கருந்திட்டுகள். “இது வெயில் கொடுத்த சர்டிபிகேட். அவன் மூஞ்சியையும் பாரு, கழுவிக் கவுத்த தட்டு மாதிரி! ரோட்டுல கிடந்தவன் மூஞ்சியா அது?”

பவுடர் தலைகுனிந்துகொண்டார். முதலாளியின் மச்சினனைப் பற்றி முதலாளியிடமே பேச வாய் வருமா? பேசினால் இருக்கிற வேலைக்கும் உலை.

சிங்கம் சிரித்தார். “இவன் சாவி போடுறதுக்கு முன்னாடி கிரீம் போடுவான் மாமா! மத்தியானம் ஓரங்கட்டி மறுபடி ஒரு கோட்டிங். லாரிக்குக்கூட நாம இத்தனை பெயின்ட் அடிச்சதில்ல.”

“மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கிளம்பியிருப்பான்,” என்று முதலாளியும் சேர்ந்துகொண்டார். பிறகு தொழிற்சாலைக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் தள்ளினார். சிங்கத்தின் பெயர் தாங்கிய அந்தக் காகிதத்தை அவள் உறைக்குள் போட்டு, வேண்டா வெறுப்பாக ஒட்டினாள்.

டாக்டரம்மா முதலில் பவுடரைப் பார்த்தார். “தோலை நல்லா வச்சிருக்கீங்க. என்னென்ன பண்ணுவீங்க?”

“கிரீம், முழுக்கைச் சட்டை, தொப்பி. மேகமா இருந்தாலும் விடமாட்டேங்க. எங்கப்பாவும் லாரிதான் ஓட்டினார். மூக்குல சின்னதா ஒரு புண்ணு வந்துச்சு. வெயில் கொப்புளம்தானேன்னு விட்டுட்டார். கடைசியில அது புற்றுநோய்னு ஆச்சு.”

“வண்டிக்குள்ள ஏதுடா வெயில்?” என்றார் சிங்கம். “கண்ணாடியை ஏத்தி ஏசியைப் போட்டா, உள்ளே குளுகுளுன்னு இருக்கும்.”

“சூடுதான் தெரியாது,” என்றார் டாக்டரம்மா. “தோலைக் கெடுக்கிற கதிர் பக்கத்துக் கண்ணாடி வழியா தாராளமா உள்ளே வரும். எந்தக் கன்னம் அந்தக் கண்ணாடியோரம் இருக்கோ, அதுதான் முதல்ல கிழடு தட்டும்.”

“அப்போ நல்லாப் பாத்துக்குங்க!” சிங்கம் இடது கன்னத்தை மெடல் மாதிரி நீட்டினார். “பதினாலு வருஷ உழைப்பு!”

டாக்டரம்மா அந்தக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். முகத்தைத் திருப்பி வலது கன்னத்தையும் பார்த்தார். அது வழவழவென்று, நேற்றுத்தான் வாங்கியது போல இருந்தது.

“உங்க லாரியில டிரைவர் சீட் எந்தப் பக்கம்?”

“இதுகூடத் தெரியாதா? வலது பக்கம்!” என்றார் முதலாளி. படித்தவர்களைப் பற்றி அவருக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது.

டாக்டரம்மா மறுபடி சிங்கத்தின் இடது கன்னத்திலேயே விரலை வைத்தார்.

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு கைகளையும் நீட்டி, காற்றிலேயே ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்ணாடி எங்கே வரும் என்று வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மைத்துனரின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு பவுடரை, முதல்முறையாகப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார்.

“அம்மா, அந்தக் கவரைக் கிழிச்சுப் போடு. வேற அடி.”

எந்தப் பெயரில் என்று அக்கா கேட்கவில்லை. அவள் அடித்து நீட்டிய கடிதத்தில் முதலாளி கையெழுத்துப் போட்டார். பசை தடவி உறையைத் தாமே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, எழுந்து போய்ப் பவுடரின் கையில் கொடுத்தார்.

சிங்கம் பதறி எழுந்தார். “மாமா, இவன் எதுக்கு? நானே வண்டியை எடுத்துட்டுப் போய் ஃபேக்டரியில லெட்டரைக் கொடுத்துடறேனே!”

“வேணாம் மாப்ளே, அவனே ஓட்டட்டும்; நீ எப்பவும் போல இடது பக்கக் கண்ணாடியில சாஞ்சு தூங்கு.”