கல்பனா நின்ற இடம்

"இந்தப் படத்துல இருந்து எம் பொண்ண எடுத்துடணும்" என்றார் தங்கவேல்.

வில்லியனூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மணிபாரதிக்கு முதலில் புரியவில்லை. "எடுத்துடணும்னா?"

"அவ இல்லாத மாதிரி பண்ணணும். ஓடிப்போனவளுக்கு எங்க குடும்பப் படத்துல இன்னா வேலை?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாகூரிலிருந்து மொத்தக் குடும்பத்தையும் இந்த ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு வந்தவளே அந்தப் பெண்தான். பேர் கல்பனா. "செல்போன் படம் வேணாங்க்கா, ஃபிலிம்ல கறுப்பு வெள்ளையா எடுங்க" என்று அடம் பிடித்தாள். போன மாசம் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குத்தான் இந்த ஆர்ப்பாட்டம்.

"பிரிண்ட்ல அழிச்சா போதாது" என்றார் கூட வந்த தங்கவேலின் அண்ணன். பேர்தான் சின்னப்பிள்ளை, அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். "நெகட்டிவ்லயே அழி. நாளைக்கு எவனும் மறுபடி போடக் கூடாது."

"ஆமா, நெகட்டிவ்லயே" என்றார் தங்கவேல்.

பெத்தவர் பேசுகிற பேச்சா இது? மணிபாரதிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முடியாது என்றால் நெகட்டிவை வாங்கிப்போய்க் கொளுத்திவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள்.

நெகட்டிவில் ஆளை அழிக்க, கத்தியால் சுரண்டலாம். அப்படிச் செய்தால் போனது போனதுதான். சிவப்புச் சாயமும் பூசலாம். பிரிண்ட் போட்டால் அந்த இடம் வெறும் வெள்ளையாக விழும். ஆனால் தண்ணீரில் அலசினால் சாயம் கரைந்து ஆள் திரும்ப வந்துவிடுவாள்.

அதைப் பற்றி மூச்சே விடாமல், மணிபாரதி பிரஷ்ஷை எடுத்துச் சாயத்தில் தொட்டாள்.

சாயம் காய்ந்ததும் இருட்டறைக்குள் போய் ஒரு பிரிண்ட் போட்டு எடுத்து வந்தாள். கல்பனாவின் அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் வெறும் வெள்ளைதான், யாரும் இல்லை.

"இப்பதான் குடும்பம் சுத்தமா இருக்குது" என்றார் சின்னப்பிள்ளை. "அந்த நெகட்டிவ் நம்ம வூட்டுப் பக்கமே வரக் கூடாது. இங்கயே கெடக்கட்டும்."

போய்விட்டார்கள். அப்பாடா என்று அவள் உட்காருவதற்குள் தங்கவேல் மட்டும் திரும்பி வந்தார்.

"அண்ணன் டீக்கடைல இருக்காரு. யம்மா, அந்தச் சாயம் தண்ணி பட்டா போயிடுமா?"

மணிபாரதிக்குத் திக்கென்றது. போச்சு! யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ச்சே ச்சே, போகவே போகாதுங்கய்யா. உங்க பொண்ணு இனிமே இந்தப் படத்துல வரவே மாட்டா."

"வரவே மாட்டாளா?"

மனுஷன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கேவிக் கேவி அழ ஆரம்பித்தார்.

மணிபாரதி ஆடிப்போனாள். இந்த மனுஷனையா இவ்வளவு நேரம் மனசுக்குள் திட்டித் தீர்த்தோம்?

"ஐயா, அழாதீங்க. பயந்துகிட்டுப் பொய் சொல்லிட்டேன். தண்ணில அலசினா சாயம் போயிடும். உங்க பொண்ணு அப்படியே நிப்பா."

தங்கவேல் நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவா?"

"சத்தியமா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பத்திரமா வைம்மா. எங்க அண்ணன் வந்து கேட்டா மட்டும், எங்கிட்ட சொன்ன அதே பொய்ய அவராண்டயும் சொல்லிடு."