ஏழாவது புத்தகம்

லோகநாதன் தூரிகையைத் தொட்டு ஐந்து மாதமாகிறது. அவர் படம் வரையும் சித்திரக்கதையில், லக்கல மலை ராட்சதனை வேட்டையாடக் கிளம்பிய ஏழு பேரில் ஐந்து பேர் செத்துவிட்டார்கள். மிச்சமிருந்த இரண்டு பேர் வெறுங்கையோடு குகை வாசலில் நிற்க, ஆறாவது புத்தகம் முடிந்திருந்தது.

கொழும்பிலிருந்து பதிப்பாளர் போன் செய்தார்.

"கடைசிப் புத்தகம் எங்க, லோகநாதன்? பிள்ளைங்க கேட்டே உசிர எடுக்குறாங்க."

"ராட்சதன் எப்படிச் சாவான்னு கதை எழுதினவங்களுக்குத்தான் தெரியும் சார்."

"அப்ப கேட்டு வரைங்களேன்!"

"தினமும் கேக்குறேன் சார்."

போனை வைத்துவிட்டு, தேத்தண்ணியோடு அறைக்குள் போனார். கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவி ஆறாவது புத்தகத்தை ஆவலாகப் படித்து முடித்திருந்தாள்.

"ராட்சதன் எப்படிம்மா சாவான்?" குரல் கெஞ்சியது.

"எனக்கு எப்படித் தெரியும்?" அவள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். "இந்தா, 'கதை: புவனா லோகநாதன்'னு போட்டிருக்கே. அந்தம்மாவத்தான் கேக்கணும்."

மூளைக்காய்ச்சலில் அவளுக்குப் போன ஞாபகம் இனித் திரும்பாது என்று டாக்டர் அன்று காலைதான் கைவிரித்திருந்தார்.

"கெட்டிக்காரப் பொம்பள" என்றாள் புவனா, புத்தகத்தைத் தடவியபடி. "உங்களுக்கு அவங்களத் தெரியுமா, ஐயா?"

"தெரியும்மா" என்றார் லோகநாதன். "ரொம்ப நல்லாத் தெரியும்."