பள்ளியின் மேல் சிவப்பு

டல்லஸில் எந்த மூலையில் துப்பாக்கி வெடித்தாலும் செழியனின் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவி அதிரும். அதன் திரை வரைபடத்தில் அந்த இடம் சிவப்பாகும். அவன் மகளோடு படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருமே அதைக் கட்டியிருந்தார்கள்.

அன்று மத்தியானம் பள்ளியின் மேலேயே சிவப்பு விழுந்தது. செழியன் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டுக் காருக்கு ஓடினான். தானாக ஓடும் கார் வேக வரம்பைத் தாண்டாது என்பதால், தானியக்கத்தை அணைத்துவிட்டுத் தானே ஓட்டினான். பள்ளித் தெருவின் திருப்பத்தில் ஒரு பெண் தலைதெறிக்க ஓடி வந்தாள். அவன் பிரேக்கை மிதிப்பதற்குள் கார் அவளைத் தூக்கி எறிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அமுதவல்லி. அவள் கையிலும் அதே கருவி அதிர்ந்துகொண்டிருந்தது.

பள்ளி வாசலில் வெடித்தது குப்பை வண்டியின் டயர்.

அமுதவல்லியின் உயிருக்கு ஆபத்தில்லை, இனி நடப்பாளா என்பதுதான் சந்தேகம் என்றார் மருத்துவர். அவளுடைய எட்டு வயது மகள் யாழினி, செழியனின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், அம்மாவச் சுட்டவனப் பிடிச்சிட்டாங்களா?"

"யாரும் சுடலம்மா."

"அப்ப அம்மாவுக்கு எப்படி அடிபட்டுச்சு?"

போலீஸ்காரர் கேட்டபோது, "அவங்கதான் குறுக்க வந்துட்டாங்க" என்று சொல்லியிருந்தான். அதையே இவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"நான்தாம்மா இடிச்சேன். ரொம்ப வேகமா வந்துட்டேன்."

யாழினி மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.