சில்லென்று ஒரு கல்

துருவத்தில் வேலை பார்த்த தணிகாசலம் அங்கிருந்து இரண்டு கற்களைச் சாக்ஸுக்கு ஒன்றாகச் சுருட்டிக் கொண்டுவந்தார். கப்பலில் நண்பர் சவரிமுத்து தெரியாமல் ஒரு சாக்ஸை உதற, கல் கடலில் விழுந்தது. கரை சேர்ந்ததும் அவர் சத்தமில்லாமல் துறைமுகத்துக் கல் ஒன்றை அந்தச் சாக்ஸுக்குள் போட்டுவைத்தார்.

பல வருஷம் கழித்து சவரிமுத்து வந்தபோது, தணிகாசலம் ஷோகேஸிலிருந்து அந்தக் கல்லையே எடுத்து நீட்டினார்.

"தொட்டுப் பாருப்பா. இன்னும் சில்லுன்னு இருக்கு."

"ஆமாப்பா, கை விறைக்குது," என்றார் சவரிமுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர்கள் சாப்பிடப் போனதும் ஷோகேஸில் துறைமுகத்துக் கல் பக்கத்துக் கல்லிடம் சொன்னது: "இத்தனை வருஷம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ரொம்ப நன்றி."

"நான்தான் சொல்லணும்," என்றது துருவத்துக் கல். "அங்கே பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் கிடந்தேன். நீ பாட்டுக்குச் சில்லென்று இரு."