இடது தட்டு

நடுக்கடலில் எஞ்சின் உதறி நின்று, மகன் அலைக்கழிந்து கரைசேர்ந்ததிலிருந்து சேசையா எவனையும் நம்புவதில்லை. நாலு புது பிஸ்டன் எடுக்க மீன் தராசோடுதான் கடைக்கு வந்தார். நாலும் ஒரே எடையாக இருந்தால்தான் எஞ்சின் உதறாது. பளபளவென்ற ஒன்றைத் தானே பொறுக்கி இடது தட்டில் வைத்தார். அதற்கு எதிரே கடைக்காரர் எடுத்துக் கொடுத்தவையெல்லாம் மேலே எழும்பி நின்றன.

"எல்லாம் எடை கம்மி. களவாணிச் சரக்கா வச்சிருக்கீரு வேய்?"

"சாளை மீனா வாங்குறீரு பெரியவரே? கடையில இனி பிஸ்டனே கிடையாது."

கூட வந்த மருமகள் பிலோமி பொறுமை இழந்தாள். புருஷன் நாளைக்கே கடலுக்குப் போகவேண்டும். "மாமா, கழிச்சதுல ரெண்ட ஒண்ணுக்கொண்ணு வச்சுப் பாத்தியளா?"

வைத்தார். முள் அசையாமல் நடுவில் நின்றது. தட்டு மாற்றி மாற்றி வைத்தார். அப்போதும் நின்றது.

"அப்போ கோளாறு நீங்க எடுத்ததுலதான் மாமா."

சேசையா தராசைத் தலைகீழாகத் திருப்பி, சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்தார். அவருடைய சொந்தத் தராசு.

"இதை எவன்கிட்ட வாங்குனோம்?" என்றார். தான் பொறுக்கி, இப்போது மடியில் எடுத்து வைத்திருந்த முதல் பிஸ்டனை மட்டும் இறக்கவில்லை.