கண்ணாடிக்குள் ஈரம்

எலக்ட்ரீஷியன் பழைய அலமாரியைச் செடி வளர்க்கும் பெட்டியாக மாற்றினான். மேலே விளக்கு, கீழே தொட்டியில் ஒரு தக்காளி நாற்று. உள்சுவரில் முதலில் அலுமினியத் தாளை ஒட்டிப் பார்த்தான். சுருக்கம் விழுந்த இடத்தில் வெளிச்சம் குவிந்து இலை கருகியது. பிறகு மூன்று பக்கமும் வெள்ளை பெயிண்ட் அடித்தான். கதவின் உட்பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் மனைவி கை வைக்க விடவில்லை.

"வெள்ளைதான் வெளிச்சத்தச் சமமாப் பரப்பும். கண்ணாடி சரிப்படாது."

"என் தங்கச்சி முகம் பார்த்த கண்ணாடி. இருந்துட்டுப் போகட்டும்."

சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போன தங்கை. யார் கதவைத் தட்டினாலும் மனைவி இன்னமும் ஓடித்தான் திறப்பாள்.

நாற்று தளதளவென்று வளர்ந்தது. அவள் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று அவனும், அவன் ஊற்றுகிறான் என்று அவளும் இருந்துவிட்டார்கள். ஒருநாள் தொட்டுப் பார்த்தால் தொட்டி மண் பொடியாக உதிர்ந்தது. கண்ணாடியில் தெரிந்த மண்ணோ கறுத்து, ஈரமாக மினுங்கியது.

அவன் கண்ணாடியைக் கழற்றி, அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கூடத்தில் சாய்த்து வைத்தான். கதவுக்கும் வெள்ளை அடித்தான்.

மறுநாள் காலையில் நாற்று தலை தொங்கிக் கிடந்தது. கூடத்தில், கண்ணாடிக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து தரையெல்லாம் பரவியிருந்தது. துணி போட்டுத் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்தது. மனைவி ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணாடியத் திருப்பி வைங்க," என்றாள். "செடி எங்கன்னு தெரியாம ஊத்திக்கிட்டே இருக்கா."