கழிப்பறைப் பூட்டு

ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் புதிதாகக் கழிப்பறை கட்டி, பக்கத்திலேயே கை கழுவக் குழாயும் போட்டார்கள். அதைப் பார்த்த ஈ, கதவில் தொங்கிய பூட்டின் மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதது.

"இனிமேல் ஒருத்தரும் புதர்ப்பக்கம் ஒதுங்க மாட்டார்கள். என் பிள்ளைகுட்டியெல்லாம் பட்டினிதான், அண்ணே!"

"அட, அழாதே," என்றது பூட்டு. "மந்திரி வந்து திறந்துவைக்கும்வரை அழுக்காகக் கூடாதாம். ஊர்த்தலைவர் முவாலே சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார்."

"மந்திரி எப்போது வருவார்?"

"போன மழைக்காலத்திலேயே வருவதாகச் சொன்னார்."

ஈ கண்ணைத் துடைத்துக்கொண்டது. புதர்ப்பக்கம் போய் வயிறாரச் சாப்பிட்டது. பிறகு நன்றி சொல்ல முவாலே வீட்டுக்குப் பறந்தது. அவர் குடித்துக்கொண்டிருந்த சோளக்கஞ்சியில் இறங்கி, முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டது.